கோரம்

எண்பத்தொன்பதில் எனக்கு இந்த வேலை வந்தது.
வேப்பேரியில், சலவைக்கடை மாடியில்
வருஷத்துக்கு ஒரு கூட்டம்.
குறிப்பெடுத்து, தட்டச்சு செய்து கொடுத்தால்
நாற்பது ரூபாய், ஒரு மட்டன் பஃப்ஸ்.

குண்டுவீச்சு விமான அணி ஒன்றின்
முன்னாள் படையினர் சங்கம்.
அணியின் எண்ணை நான் யாரிடமும் சொல்வதில்லை.
சொன்னால் உடனே போனில் தேடுகிறார்கள்.
தேடினால் பைலட்டுகள் மட்டும் வருகிறார்கள்.
என் கோப்பில்
ஒவ்வொரு குண்டுக்கும் ஃபியூஸ் பொருத்திவிட்டு
வேட்டியில் கைதுடைக்க முடியாமல் தவித்த ஞானாபரணம் இருக்கிறார்.
என்ஜினுக்கு இடது காதைக் கொடுத்த
ஃபிட்டர் வதூது இருக்கிறார்.
இருபத்தொரு முறை பறந்து
இருபத்தொரு முறையும் வாந்தியெடுத்த
நேவிகேட்டர் மெல்வின் ரொசாரியோ.
அதை எழுதாதேம்மா என்றார்.
எழுதிவிட்டேன்.

முதல் வருஷம் கோரம் பதினைந்து.
கூட்டம் செல்லுபடியாகக்
குறைந்தது இத்தனை தலை வேண்டும்,
அதற்குப் பெயர் கோரமாம்.
தொண்ணூற்றாறில் ஒன்பது பேர் வந்தார்கள்.
கோரம் இல்லையென்று ஒத்திவைத்து,
அரைமணி கழித்து அதே ஒன்பது பேர் கூடி
கோரத்தை எட்டாகக் குறைத்தார்கள்.
பிறகு ஐந்து. பிறகு மூன்று.
ஒவ்வொரு தடவையும் ஏகமனதாக.

ஒருமுறை வேன் பிடித்துச் சோழவரம் போனோம்.
பழைய ஓடுதளத்தின் ஓரத்தில்
யாரோ மிளகாய் காயப்போட்டிருந்தார்கள்.
வதூது செருப்பைக் கழற்றினார்.
சாமி இடமா பாய், என்று கேட்டேன்.
இல்லை,
சூடு அதேதானா என்று பார்க்கிறேன், என்றார்.

எங்கள் வீட்டில் அம்மா அந்தச் சொல்லை
வேறொன்றுக்கு வைத்திருந்தாள்.
பர்மாவில் பிறந்தவள்.
அறுபத்தைந்தில் கப்பலில் வந்திறங்கி
வியாசர்பாடியில் அத்தோ விற்று
என்னை ஹையர் வரை தட்டச்சு படிக்கவைத்தவள்.
அவளுக்கு எட்டு வயதில்,
ரங்கூன் துறைமுகத்துக்கு அரிசி மூட்டை இறக்கப்போன அண்ணன்
மாசி மகத்து ராத்திரி திரும்பவில்லை.
ஒற்றைச் செருப்பைக் கொண்டுவந்து கொடுத்தார்களாம்.
கோரம்டி, என்பாள், அதற்குமேல் பேசமாட்டாள்.
யாருடைய விமானம் என்று கேட்டதே இல்லை.
மேலேயிருந்து வந்தது, அவ்வளவுதான்.

ரொசாரியோவின் பறத்தல் பதிவேட்டை
நகலெடுத்துக்கொண்டிருந்தேன்.
மார்ச். முழுநிலவு. துறைமுகம்.
கடைசிக் கட்டத்தில், சாய்ந்த கையெழுத்தில்:
இலக்கின் மீது விழுந்ததாக நம்பப்படுகிறது.
அந்த ஒரு வரிக்கு
எனக்கு மூன்று தாள் வீணானது.

கடைசிக் கூட்டம் பெரம்பூரில், அவர் கட்டிலருகே.
கோரம் ஒன்று.
சென்ற கூட்டக் குறிப்பு வாசிக்கப்பட்டது.
வரவு முந்நூற்றுப் பத்து, செலவு இல்லை.
இதர விஷயங்கள் என்று வந்ததும்
சொல்லிவிட்டேன்.
கை நடுங்கியது, எனக்குத்தான்.
அவர் நெடுநேரம் மின்விசிறியையே பார்த்தார்.
பிறகு,
பேர் என்ன?
பிச்சைக்கண்ணு.
வயசு?
பதினாறு.
எழுதிக்கோ.
எந்தத் தலைப்பில் சார்?
இரங்கல் தீர்மானத்தில் வேண்டாம், என்றார்.
அதற்கு எனக்கு யோக்கியதை இல்லை.
வர இயலாதோர் பட்டியலில் போடு.

போட்டேன்.
அவர் மேல் கோபம் போய்விட்டதா என்றால்
தெரியாது. அன்றைக்கு அவருக்கு
ஹார்லிக்ஸ் கலந்து கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

இப்போது கோப்பெல்லாம் என் வீட்டில்,
அம்மாவின் இரும்புப் பெட்டியில்.
ஒரு காட்சிக்கூடத்திலிருந்து நல்ல பையன் ஒருவன் வந்தான்.
வெள்ளைக் கையுறை போட்டுத்தான் தாளைத் தொட்டான்.
எல்லாம் அருமை மேடம்,
இந்தப் பிச்சைக்கண்ணு மட்டும் உறுப்பினர் இல்லையே,
பட்டியலிலிருந்து எடுத்துவிடலாமா, என்றான்.

எடுக்கத் தீர்மானம் போடணும், தம்பி.
கோரம் இல்லை.